கடைக்காரர் மேல் சந்தேகமா?

பழைய லேப்டொப்புக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். 111 ஜிபிதான் காட்டுகிறது. மிச்சத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டாரா? இதில் விண்டோஸை ஒப்பேற்றலாமா?
– வாசகர், சம்பூர்

அவர் பாவம். தயாரித்தவர் எண்ணுவது 1000 கணக்கில், விண்டோஸ் எண்ணுவது 1024 கணக்கில். நெல் ஒன்றுதான், மரக்கால்தான் வேறு.

விண்டோஸ் 11 கேட்பதே 64 ஜிபிதான். கல்யாண வீடியோக்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்புங்கள். ஹைபர்னேட்டை நிறுத்தினால் இன்னும் சில ஜிபி தேறும். விளிம்புவரை நிரப்பினால் வேகம் படுத்துவிடும், கவனம்.

நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட உங்கள் ஊருக்கு இப்போது சூரிய மின் நிலையம் வருகிறதே, அதுவும் 120தான், மெகாவாட்டில். தயவுசெய்து அதை விண்டோஸிடம் எண்ணக் கொடுத்துவிடாதீர்கள்!