பாயின்ட்காரர்

பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியான மாங்காட்டில், ஒரு கிரவுண்டு வாங்கி வீடு எழுப்புகிறவர்களிடையே இவரைத் தவறாமல் பார்க்கலாம். வாஸ்துவை வீட்டம்மாவிடமும் கம்பி, சிமென்ட்டை மேஸ்திரியிடமும் ஒப்படைத்துவிட்டு, கையில் சாக்பீஸோடு பூசாத சுவர்களிலெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவார். குறி விழுந்த இடமெல்லாம் ஒரு பாயின்ட். படுக்கையறையில் டிவிக்கு இரண்டு. கட்டிலை இடம் மாற்றினால் வேண்டுமே என்று எதிர்ச்சுவரில் இன்னும் இரண்டு. பூஜை அறையில் ஒரு லேன் பாயின்ட். சுப்ரபாதம் பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா! 'இதெல்லாம் எதுக்கு சார்?' என்று எலக்ட்ரீஷியன் கேட்டால், 'ஃபியூச்சருக்குப்பா' என்பார். எலக்ட்ரீஷியனுக்குப் பாயின்ட் கணக்கில்தான் கூலி. அதனால் ஃபியூச்சரைப் பற்றி அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. பாயின்ட் ஏற ஏற வேலையும் நீளும். மாங்காட்டில் ஆறு வாரம் என்பது எலுமிச்சம்பழத்தோடு ஊர்க்கோயில் அம்மனிடம் வைக்கும் வேண்டுதலின் கணக்கு. இவர் வீட்டு வயரிங்குக்கு அந்தக் கணக்கு எடுபடாது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்தப் பதற்றத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1882-லேயே சென்னைக்கு டெலிபோன் வந்துவிட்டது. அதற்கு நூறு ஆண்டு கழித்தும், விண்ணப்பம் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்துதான் இணைப்பு வாங்கினார்கள். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, படம் தெளிய ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய சிரமமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கேபிள் வந்தது. 2003-இல் செட்டாப் பாக்ஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் சுவரில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பெயர்ந்த பெயின்ட். இத்தனையும் பார்த்து வளர்ந்தவர், இனி ஒரு ஓட்டையும் விழக்கூடாது என்று சங்கல்பம் செய்துகொள்வதில் நியாயம் உண்டு.

'வைஃபை இருக்கும்போது வயர் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கும் இவர் பக்கம் நின்று பதில் சொல்லலாம். வேகம் கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் துளைத்து மாடி ஏறுவது அதைவிடக் கஷ்டம். கேட் 6 கேபிளோ 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோகும். மாங்காட்டில் எந்த வீட்டுக்கு 100 மீட்டர் நீளம்? ஆகவே வயர் இழுக்கும் ஆசை பைத்தியக்காரத்தனம் அல்ல. எந்த வயர் என்று இன்றைக்கே முடிவு கட்டி, சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவதில்தான் இவர் சறுக்குகிறார். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் சுமந்தது. 2017-இல் வந்த 2.1-க்கு 48 கிகாபிட். அந்த நாலு ஆண்டுக்குள் கிரகப்பிரவேசம் முடித்தவர் சுவரில் புதைத்த கேபிள், புது டிவி வந்ததும் பழசாகிவிட்டது. உருவி எடுத்து வேறு போடலாமே என்றால், முக்கால் இஞ்ச் பைப்பில், அதுவும் பெண்டு போட்ட இடத்தில், எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழையவே நுழையாது. வயரைக் குறைத்துக்கொண்டு ஒரு இஞ்ச் பைப்பாகப் போட்டு, உள்ளே இழுகம்பியை மட்டும் விட்டு வைத்திருந்தால், எந்தக் காலத்து வயரையும் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் காலி பைப்புக்குக் காசு கொடுக்க இவருக்கு மனசு வராது. கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் வயரையும் திணிக்கச் சொல்லி அங்கே மிச்சம் பிடிப்பார். 230 வோல்ட்டுக்கும் டேட்டாவுக்கும் ஒரே பைப்பில் குடித்தனம் ஒத்துவராது, ஆபத்தும்கூட என்று எலக்ட்ரீஷியன் சொன்னால், தன்னைப் பயமுறுத்திக் கூடுதலாகக் கறக்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வார்.

உண்மையான கூத்து, குடிவந்த பிறகு ஃபைபர்காரர் பைக்கில் வந்து இறங்கும் அன்றுதான். வீட்டு லேன் வயர்கள் அத்தனையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் ஒழுங்காக வந்து கூடியிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் லேபிள்கூட உண்டு. தெருவிலிருந்து அந்தப் பெட்டிக்கு வர மட்டும் வழி இருக்காது. அறைக்கு அறை பாதை போட்டவர் வாசலை மறந்துபோனார். ஃபைபரோ முடி போன்ற கண்ணாடி இழை. சட்டென்று மடக்கினால் உள்ளே போகும் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே கம்பத்திலிருந்து கொய்யா மரக் கிளை வழியாக ஜன்னல் கிரில்லுக்கு அது வந்து சேர, சட்டத்தின் ஓரமாக ஒரு ஓட்டை போடப்படுகிறது. ரவுட்டர் ஹால் ஷோகேஸின் தலையில் ஏறி உட்காருகிறது. மாடியில் பிள்ளைகள் செல்போன் டேட்டாவில் படம் பார்க்கிறார்கள். 'அடுத்த மாடி எடுக்கும்போது சரி பண்ணிக்கலாம்' என்கிறார் இவர். அந்த மாடிக்கு எங்கெங்கே பாயின்ட் என்பதை இப்போதே ஒரு தாளில் குறித்தும் வைத்துவிட்டார்.