காசளவு துரு தொடர்பாக

அனுப்புநர்: மைக்ரோவேவ் அடுப்புகள், சமையலறை மேடை, மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்: செயலாளர், நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: உட்கூட்டில் ஏறிய துருவும் அதன்மேல் பூசத் தகுந்த பெயிண்டும் – தக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: துறை 2022 ஜூலையில் அமைத்த, பழுதுபார்க்கும் உரிமை குறித்த குழு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்படி மனுதாரர்கள் 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணைக்குக் கட்டுப்பட்டு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவெண் பெற்று, அந்த எண்ணை முதுகில் ஒட்டிக்கொண்டே சந்தைக்கு வந்தவர்கள் என்பதும், வேம்பநாட்டுக் காயலிலிருந்து எழுந்து மட்டாஞ்சேரியின் சன்னல்கள் வழியே நுழையும் உப்புக் காற்றோ இதுநாள்வரை எந்தப் பதிவெண்ணும் பெறாமல் தொழில் நடத்திவருகிறது என்பதும் துறையின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன.

மைக்ரோவேவ் அடுப்பின் உட்கூடு, அதாவது உணவை வைக்கும் அறை, பெரும்பாலான மாதிரிகளில் மெல்லிய எஃகுத் தகட்டால் செய்யப்பட்டு, பவுடர் கோட்டிங் எனப்படும், தூளாகத் தூவிச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு ஏற்றப்பட்டதாகும். இப்பூச்சு பழுதின்றி இருக்கும்வரை நீரும் ஆக்சிஜனும் இரும்பை எட்டுவதில்லை; ஆனால் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் உருளை வளையம் ஒரே தடத்தில் தேய்த்துத் தேய்த்துப் பூச்சை உரித்துவிடும்போது, சோற்றிலிருந்தும் மீன் கறியிலிருந்தும் எழுந்த நீராவி அங்கே துளியாகத் தேங்க, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அத்துளியை மின்னோட்டம் எளிதில் கடக்கும் கரைசலாக மாற்றி அரிப்பை விரைவுபடுத்துகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இதற்கு வேறு அழைப்பிதழ் தேவைப்படுவதில்லை. கொங்கணி, குஜராத்தி, தமிழ், கட்ச்சி, மலையாளம் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் புழங்கும் மட்டாஞ்சேரியில், எவரையும் வேறுபடுத்திப் பாராமல் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோல் சென்றுவரும் சேவை துரு வழங்குவது ஒன்றே என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுவது தகும்.

துருவைக் கண்டவுடன் கதிர்வீச்சு கசிந்துவிட்டதாக அஞ்சி அடுப்பையே வெளியேற்றுவோரும், அதைக் கறிக்குழம்பின் கறை என்று நம்பித் துடைத்துக்கொண்டே இருப்போரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இவ்விரு தரப்பாருக்கும் எந்த அலுவலகமும் விளக்கம் அளிக்க முன்வராத நிலையில், மனுதாரர்களே அளிக்க வேண்டியதாயிற்று. மேக்னட்ரான் என்னும் குழல் உண்டாக்கும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகள் எஃகுத் தகட்டுக்குள் சில மைக்ரான் ஆழத்துக்கு மேல் ஊடுருவாமல் திருப்பி அனுப்பப்படுவதால், மேற்பரப்புத் துருவால் மட்டும் கசிவு உண்டாவதில்லை. தகடு அரித்து ஓட்டை விழுந்தாலோ, கதவு நெளிந்து சரியாகப் படியாமற்போனாலோதான், அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்று பன்னாட்டுத் தரம் விதிக்கும் வரம்பு மீறப்படும் அபாயம் தோன்றுகிறது. ஓட்டை விழுந்த அடுப்புக்குப் பெயிண்ட் மருந்தாகாது. அதை ஓய்வில் அனுப்புவதே முறை. ஆயினும் மேற்பரப்புத் துருவையும் அலட்சியம் செய்வதற்கில்லை. ஏனெனில் உரிந்த தகட்டின் கூரிய ஓரங்களில் மின்புலம் குவிந்து தீப்பொறி பறக்க, பொறி சுற்றியுள்ள பூச்சைக் கருக்க, கருகிப்போன கரி அலைகளை உறிஞ்சி மேலும் சூடேற, காசளவு துரு உள்ளங்கை அளவாகிறது.

தீர்வு எளியது என்பதே துறைக்குச் சங்கடம் தரக்கூடிய செய்தி. மின்னிணைப்பைப் பிடுங்கி, தட்டையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, மைக்ரோவேவ் உட்கூட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட பெயிண்டை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் காயவிட்டு, அதன்பின் ஒரு கோப்பை நீரை மட்டும் சில முறை சூடாக்கி வாடை அடங்கியதை உறுதி செய்துகொண்டால் போதுமானது. வெளிக்கூட்டைக் கழற்ற வேண்டிய தேவையே இதில் இல்லை. கழற்றவும் கூடாது, உள்ளேயிருக்கும் மின்தேக்கி இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அலைகள் உட்கூட்டுக்குள் வரும் வாயிலை மூடியிருக்கும் மைக்கா தகட்டின் மேலும், கதவின் வலை மீதும், கதவு படியும் விளிம்பின் மேலும் தூரிகை படலாகாது.

ஆனால் எந்தப் பெயிண்ட்? கடைத்தெருவில் துரு என்றவுடன் நீட்டப்படுவது ரெட் ஆக்சைடு. அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் ஆனது, அதாவது துருவைத் தடுக்கத் துருவின் நெருங்கிய உறவினரே நியமிக்கப்படுகிறார். வாசற்கதவுக்கு அந்த நியமனம் பொருந்தும். உணவுக்கு அருகில் வெப்பத்தையும் அலையையும் தாங்க அவர் தேர்வு எழுதியவரல்லர். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பெயிண்டும், கரித்தூள் கலந்த கறுப்புப் பெயிண்டும் உட்கூட்டுக்கு ஆகா. வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டலாகாது என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிடுவது போற்றத்தக்கது. ஆனால் துறைமுக நகரில் எளிதில் கைக்குக் கிடைப்பவை தொழிற்சாலைப் பெயிண்டுகள், அவை அவ்விதிகளின் தலைப்பிலேயே இடம்பெறவில்லை.

காயலுக்கு அப்பால், வில்லிங்டன் தீவையும் தாண்டி, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான 262 மீட்டர் நீள விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த், 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய இரும்பைக் கடல்நீரிலேயே துருவிடமிருந்து காக்கும் கலை இவ்வூருக்குத் தெரியும். அதே ஆண்டில்தான் துறையின் குழு அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயில் திறந்தது. அதே ஆண்டில்தான், வேறோர் அமைச்சகம், மைக்ரோவேவ் அடுப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்த்து மின்னணுக் கழிவு விதிகளை வெளியிட்டது. ஆக, மனுதாரர்களைத் தூக்கியெறிவதற்கு விதி வந்துவிட்டது, பிழைக்கவைப்பதற்குக் குழுவும் வாயிலும் வந்திருக்கின்றன. இடையில் வர வேண்டிய பெயிண்ட் மட்டும் வரவில்லை.

ஆகவே, காயல் காற்றை உடனடியாகப் பதிவுக்கு அழைத்து, அதன் உப்பு அளவைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டை அதன்மேல் ஒட்டச் செய்யுமாறு துறை வேண்டப்படுகிறது. காற்று வேறு அமைச்சகத்தின் எல்லைக்குள் வருவதால் இது இயலாதெனில், ஒவ்வோர் அடுப்புடனும் அதன் பூச்சுக்கு ஒத்த பெயிண்ட், நகப்பூச்சுக் குப்பியளவு போதும், தரப்பட வேண்டும் என்றும், எங்கே பூசலாம், எங்கே கூடாது, எப்போது கைவிட வேண்டும் என்பதைக் கையேட்டின் ஒரு பக்கத்தில் மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும் என்றும் ஆணையிடுமாறு கோரப்படுகிறது. இதை ஆராய மற்றொரு குழு அமைக்கப்படுமாயின், அதன் கூட்டங்களை ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டாஞ்சேரியிலேயே, இரும்பு நாற்காலிகளில் நடத்துவது உகந்தது.

இங்ஙனம்,
மனுதாரர்கள்

நகல்: 1. இந்தியத் தர நிர்ணய அமைவனம் – நடவடிக்கைக்காக.
2. கொச்சி கப்பல் கட்டும் தளம் – தகவலுக்காக மட்டும். கப்பல் பெயிண்ட் உணவுக்கு ஆகாது என்பதால் மிச்சம் அனுப்பிவைக்க வேண்டாம்.