இருபது டன் உருளைக்கிழங்கு

எங்கள் காரை வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதற்கு எதிர்வீட்டுக்காரர், அவருடைய மருமகன், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஆகிய மூவரின் ஒத்துழைப்பு எனக்குத் தேவை. மூவரும் மூன்று விதமாகக் கை காட்டுவார்கள். நான் நான்காவதாக ஒரு பக்கம் போய் கேட்டை இடிப்பேன். அப்பேர்ப்பட்ட நான்தான் ஆடி மாதத்திலிருந்து ஐரோப்பாவில் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பையன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரை குரோம்பேட்டையிலேயே விட்டுவிட்டுப் போனான். "அப்பா, ஆபீஸ் கணக்கு ஏதாவது பார்க்கணும்னா பார்த்துக்கோங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றான். ஒரு வாரம் தொடவில்லை. எட்டாம் நாள், திரையின் மூலையில் இருந்த லாரிப் படத்தை லேசாகத் தொட்டுத்தான் பார்த்தேன். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. பிராகில் இருக்கும் ஒரு கம்பெனி 2012இல் வெளியிட்ட விளையாட்டு. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. சரக்கை ஏற்ற வேண்டும், ஊர் ஊராக ஓட்ட வேண்டும், இறக்க வேண்டும், கூலி வாங்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய சாகசம் என்ன வேண்டும்? அங்கே பெரும்பாலும் சாலையின் வலதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் புதுசு. நம் ஜிஎஸ்டி ரோட்டில் எதிரே வருகிறவர்களைப் பார்த்துப் பழகியிருந்ததால் அதிலும் சிரமமில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ராத்திரி பிரான்சின் கலே துறைமுகத்தில் இருபது டன் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பினேன். பிரஸ்ஸல்ஸ் தாண்டியாகிவிட்டது. லியேஜ் வரப்போகிறது. முன்னால் ஒரு கார்க்காரன் குறுக்கே வந்தான், ஹாரன் அடித்தேன். அந்த ஹாரன் நிற்கவேயில்லை. "ப்ர்ர்ர்ர்ர்" என்று ஒரே சுதியில் இழுத்துக்கொண்டிருக்க, லாரி, கார், வானத்தில் மேகம் எல்லாமே ஃபோட்டோ பிடித்தமாதிரி அப்படியே நின்றுவிட்டன. மவுஸை ஆட்டினேன், அசையவில்லை. மேசையைத் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி, "ஏங்க, எங்கே ஹாரன் அடிக்குது, பால்காரரா?" என்று எழுந்து வந்துவிட்டாள். மணி பதினொன்றரை.

மறுநாளும் ஹேங். அதற்கு அடுத்த நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் இரண்டு தடவை. சிலசமயம் கலேயிலேயே, சிலசமயம் கொலோன் எல்லையில். ஒரு நியதியும் இல்லை. எந்நேரமும் வலித்தால் பல்லைப் பிடுங்கிவிடலாம். டாக்டரைப் பார்த்ததும் நின்றுவிடுகிற வலியை என்ன செய்வது?

பையனுக்குப் போன் போட்டேன். "எக்செல் பார்த்துக்கிட்டிருந்தேன்டா. திடீர்னு ஹேங் ஆயிடுச்சு."

"எக்செல்லா?"

"எக்செல்தான். கொஞ்சம் பெரிய ஷீட்."

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, அடுத்த தடவை நின்றால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள் என்றான். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் அந்த ஒரு புரோகிராம்தான் மயக்கம் போட்டிருக்கிறது, கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது. விளக்கும் அசையாவிட்டால் ஆள் மொத்தமாகக் காலி. அன்று சாயங்காலமே நின்றது. அழுத்தினேன். விளக்கு அசையவில்லை. நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் வைத்தியர்போல உட்கார்ந்திருந்தேன்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்பப் போட்டு, ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறக்கச் சொன்னான். கம்ப்யூட்டர் தன் துன்பங்களையெல்லாம் தேதிவாரியாக எழுதிவைக்கும் இடம். சிவப்புக் குறியோடு "கெர்னல் பவர் 41" என்று இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று துள்ளிக்கொண்டு படித்தேன். இந்தக் கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படாமலே மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். முறையில்லாமல் அணைத்தவன் நான். அதை எனக்கே புகாராக எழுதிவைத்திருக்கிறது. இந்த மாதிரிப் பதிவேடுகளை ஆபீசில் நானே பராமரித்திருக்கிறேன்.

"சூடு பாருங்கப்பா" என்றான். அதற்கொரு மென்பொருளும் சொன்னான். பிராசசர் 97 டிகிரி. கேபினெட்டைக் கிட்டே போய்ப் பார்த்தேன். தூசி படக்கூடாது என்று என் பழைய வேட்டியை நாலாக மடித்து நானே போர்த்தியிருந்தேன். காற்று வெளியே போகிற வழி அடைத்திருந்தது. உள்ளே வருகிற வழியையோ ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் அடைத்திருந்தது. பையன் ஒரு பொட்டு வைக்கச் சொன்னான். நான் பக்தி மிகுதியில் முகப்புச் சல்லடை முழுக்கப் பட்டை போட்டிருக்கிறேன்.

பெயின்ட் பிரஷ், ஊதும் பம்ப் சகிதம் ஞாயிற்றுக்கிழமை அறுவை சிகிச்சை. ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கி போர்டைப் பதம் பார்க்கலாமாம். பிடித்துக்கொண்டேன். பிராசசர் தலையில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைக்கச் சொன்னான். நம் வீட்டில் பட்டாணி ஊறவைத்துத்தான் பழக்கம், அந்த அளவுக்கு வைத்தேன். நாலு பக்கமும் பிதுங்கியதை மனைவியின் இயர் பட்ஸ் ஒரு டப்பா தீரும்வரை துடைத்தேன். ஆனால் சூடு 68க்கு இறங்கிவிட்டது! பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டேன். மூன்றாம் நாள் பிரஸ்ஸல்ஸில் லாரி நின்றது.

கிராபிக்ஸ் டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டது தனிக்கதை. பலனில்லாத கதை. விட்டுவிடலாம்.

அடுத்து மின்சாரத்தின்மேல் சந்தேகம் வந்தது. இரண்டு தடவை சரியாக மிக்ஸி ஓடும்போது நின்றிருக்கிறது என்பதை நான் கவனித்தேன். எடிசன் பல்பைப் பார்த்தமாதிரி சமையலறைக்கு ஓடி, "இன்னிக்கு ராத்திரி மிக்ஸி போடக்கூடாது" என்று அறிவித்தேன்.

"சட்னி?"

"ஆராய்ச்சி நடக்குது."

"உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரச் சொல்லி நாலு நாள் ஆச்சு. அதுவாவது இருந்தா மசாலா பண்ணுவேன்" என்றாள். அன்று இட்லிக்கு மிளகாய்ப்பொடி. எண்ணெயும் அளவாகத்தான் விழுந்தது. மிக்ஸி மௌனமாக இருக்க, வீடே மௌனமாக இருக்க, ஒன்பது இருபதுக்கு லாரி ஹேங் ஆனது. என் கண்டுபிடிப்பின் கதி தெரிந்ததும் சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அரைப்பதற்கு அப்போது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

"மெமரியை டெஸ்ட் பண்ணிடலாம்பா" என்றான் பையன். மெம்டெஸ்ட் 86 என்ற சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே அதை ஓடவிட வேண்டும். நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் எதையாவது எழுதி, எழுதினது எழுதினபடி இருக்கிறதா என்று திரும்ப வாசித்துப் பார்க்கும். ராத்திரி பத்துக்கு ஓடவிட்டுப் படுத்தேன். விடியற்காலை மனைவி எழுப்பினாள். "ஏங்க, கம்ப்யூட்டர்ல சிவப்பா என்னமோ ஓடுது. சீக்கிரம் வாங்க!" வரிவரியாகச் சிவப்புப் பிழைகள்.

வீடியோ காலில் கேபினெட்டைத் திறந்து காட்டச் சொன்னான். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

"அப்பா, நான் வெச்சிட்டுப் போனது கருப்பு கலர்ல ஒரே ஒரு ராம். பக்கத்துல பச்சையா இருக்கே, அது யாரு?"

சொன்னேன். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகள் திக்கித் திக்கித் தெரிந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட் போனதையும், செகண்ட் ஹாண்டில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு எட்டு ஜிபி வாங்கி நானே செருகியதையும் சொன்னேன். செருகி இரண்டு வாரத்தில் ஹேங் ஆரம்பித்ததை மட்டும் அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். அவனுடையது 3200 வேகத்துக்கானது, அந்த வேகத்தில் ஓடும்படி பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் பச்சை 2400க்குப் பிறந்தது. இளைஞன் வேகத்துக்கு ஓடச்சொன்னால் அது எங்கே ஓடும்? என் வயசுக்காரன் என்று ஒரு அனுதாபம்கூட வந்தது.

"சரி, மத்த நேரம் நல்லாத்தானே இருந்தது? கேம்... எக்செல் பெருசானாத்தானே நிக்குது?"

காலையில் தாம்பரம் பணிமனையிலிருந்து கிளம்பும் காலி பஸ்ஸில் கால் உடைந்த சீட் ஒன்று இருந்தால் யாருக்கும் தெரியாது, கூட்டம் ஏறினால்தான் எவனாவது அதில் உட்காருவான் என்றான். எந்த ஸ்டாப்பில், எந்த ஆள் உட்காருவான் என்று சொல்ல முடியாது. சின்ன வேலைகள் காலி பஸ். லாரி விளையாட்டு பண்டிகைக்கால பஸ்.

தோல்வியை இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. 2003இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 ஓட்டு கூடுதலாக விழுந்ததையும், இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் அந்த எண் வருவதால் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்க வேண்டும், விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதையும் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். ஸ்கார்பேக் பிரஸ்ஸல்ஸின் ஒரு பகுதி. என் லாரி அடிக்கடி நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

"இது வானத்துலேர்ந்து வரலப்பா. ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து வந்திருக்கு. எடுத்துடுங்க."

எடுத்தேன். மறுபடி ஒரு ராத்திரி சோதனை. ஒரு சிவப்புகூட இல்லை.

போனை வைக்கும் முன் சொன்னான். "அப்பா, அந்த கேம் ஓடுற ஸ்டீம் அக்கவுண்ட் என்னோடது. கடைசி ரெண்டு வாரத்துல உங்க எக்செல் முப்பத்தோரு மணி நேரம் ஓடியிருக்கு. முதல் நாளே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அன்று ராத்திரி கலே, லில், பிரஸ்ஸல்ஸ், லியேஜ் என்று எங்கும் நிற்காமல் கொலோன் போய்ச் சேர்ந்தேன். ரிவர்ஸ் எடுத்துக் கிடங்கில் நிறுத்தவா, பார்க்கிங்கைத் தவிர்க்கவா என்று கேட்டது. தவிர்த்தேன். இருபது டன் உருளைக்கிழங்கு பத்திரமாக இறங்கியது. கூலி கணக்கில் ஏறிய சத்தம் கேட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினால், பின்னால் மனைவி துணிப்பையோடு நிற்கிறாள்.

"அரைக்கிலோ போதும்" என்றாள்.