பழைய பிக்கப்புக்கு மேனிபோல்டு வாங்குவது எப்படி?

கராஜில் ஒரு கிழட்டு பிக்கப் நிற்கிறது. 1947-இல் செவ்ரோலெட் அறிமுகப்படுத்திய ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையைச் சேர்ந்த அரை டன் வண்டி. ஓஹையோவிலோ அயோவாவிலோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் குடியிருந்ததை நல்ல விலை கொடுத்து மீட்டு வந்திருக்கிறீர்கள். கோழிகளுக்கு வேறு இடம் கிடைத்திருக்கும். உங்களுக்குத்தான் இனி வழிகாட்ட ஆள் வேண்டும்.

நீங்கள் வாங்கப்போவது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. சிலிண்டர்களில் எரிந்து முடிந்த வாயுவைத் திரட்டி சைலன்சர் குழாயில் சேர்க்கும் வார்ப்பிரும்புத் துண்டு. பானட்டைத் திறந்தால் தெரியும், மூடினால் தெரியாது. இவ்வளவு எளிய சாமானை வாங்கி மாட்டுவதற்குள் எப்படி ஒரு குளிர்காலம் கழிந்துவிடுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எஞ்சின் எதுவென்று மறந்துவிடுங்கள்

இது மிக முக்கியம். உங்கள் வண்டியில் இருப்பது வரிசையாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட 216 கன அங்குல எஞ்சின். அமெரிக்கர்கள் செல்லமாக ‘ஸ்டவ்போல்ட்’ என்பார்கள். புதிதாக வந்தபோது 90 குதிரைத்திறன். அந்தக் குதிரைகளில் இன்னும் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இதன் பேரிங்குகள் பாபிட் என்ற மென்மையான உலோகத்தில் வார்த்தவை. கனெக்டிங் ராடுகளின் அடியில் உள்ள சிறு கரண்டிகள் எண்ணெயை அள்ளித் தெளித்துக்கொள்ளும். நவீன எஞ்சின்போல அழுத்தத்தோடு அங்கே எண்ணெய் போகாது. பின் அச்சின் கியர் விகிதம் 4.11. மூட்டை ஏற்றிக்கொண்டு மண்பாதையில் நிதானமாகப் போவதற்காகச் செய்த வண்டி. மணிக்கு 50 மைலைத் தாண்டினால் ஸ்டியரிங், கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆட்சேபம் தெரிவிக்கும்.

இந்த விவரங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் சிறப்பு மேனிபோல்டையும் உங்களால் வாங்க முடியாது. ஆகவே மறந்துவிடுங்கள்.

படி 2: ஒரு சத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

காரணமில்லாமல் செலவு செய்யக் கூடாது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கிறதா? சூடானதும் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் மேனிபோல்டில் விரிசல் இருக்கலாம், அல்லது கேஸ்கெட் போயிருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்கிறது, குளிர்ந்ததும் திறந்துவிடுகிறது. நீளமான ஒற்றை வார்ப்பு என்பதால் இந்த எஞ்சினில் மேனிபோல்டின் இரு முனைகளும்தான் முதலில் விரிசல் விடும். அங்கே கரி படிந்த கறுப்புத் தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதே சத்தம் வால்வு இடைவெளி கூடியதாலும் வரும். அதைச் சரிசெய்ய ஒரு ஃபீலர் கேஜும் ஒரு பிற்பகலும் போதும். ஆகவே இந்தச் சாத்தியத்தை நண்பர்கள் முன்னால் எழுப்பாதீர்கள்.

இந்தக் கட்டுரையில் கேலியில்லாத பத்தி இது ஒன்றுதான்: பழைய வண்டியின் கேபின் தரையில் ஓட்டைகள் இருக்கும். மேனிபோல்டு கசிந்தால் கார்பன் மோனாக்சைடு அவற்றின் வழியே உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவு உறுதியானால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

படி 3: மலிவான தீர்வைத் தாண்டிச் செல்லுங்கள்

இந்த எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் மேனிபோல்டும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில், கார்புரேட்டருக்கு நேர்கீழே ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்திருக்கும். நடுவில் ஒரு தகடு. அதற்கு ஒரு சுருள் ஸ்பிரிங், ஓர் எதிர் எடை. குளிர்ந்த எஞ்சினில் தகடு சூடான புகையை மேலே திருப்பி இன்டேக்கின் அடியைச் சூடாக்கும். பெட்ரோல் நன்றாக ஆவியாகும், எஞ்சின் இருமாமல் ஓடும். சூடேறியதும் ஸ்பிரிங் தளர்ந்து தகடு திரும்பிக்கொள்ள, புகை நேராகக் கீழே போய்விடும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நல்ல மூளை வேலை செய்திருக்கிறது.

எழுபது ஆண்டுத் துருவில் இந்தத் தகடு இறுகிப்போயிருக்கும். குளிர்நிலையிலேயே இறுகிவிட்டால் இன்டேக் ஓயாமல் சூடாகி, வண்டி மேடு ஏறத் திணறும். உடனே உங்களுக்கு ‘புதிய மேனிபோல்டு வேண்டும்’ என்று தோன்றும். உண்மையில் வேண்டியது துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய், சிறு சுத்தியல், சில மாலைப்பொழுதுகள். எண்ணெய் விட்டுத் தண்டின் முனையை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும்.

செலவு: ஒரு டப்பா எண்ணெய். யாரிடமாவது சொல்லிக்கொள்ளக் கிடைக்கும் பெருமை: பூஜ்யம். ஆகவே அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: உங்கள் சுபாவத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் தூய்மைவாதியா? தொழிற்சாலை வார்ப்பையே தேடுங்கள். வார்ப்பு எண் பொருந்தினால் போதாது. செவ்ரோலெட் வார்ப்புகளில் தேதிக்குறி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ‘சி’ என்றால் மார்ச். உங்கள் வண்டி ஏப்ரலில் கட்டியதாக இருந்து, மேனிபோல்டு ஜூனில் வார்த்ததாக இருந்தால் இரவில் தூக்கம் வராது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் 1955-இல் தொடங்கிய புகழ்பெற்ற அக்டோபர்ச் சந்தைக்குப் போய், துருப்பிடித்த இரும்புக் குவியல்கள் முன்னால் டார்ச் விளக்கோடு குந்துங்கள். பக்கத்தில் குந்தியிருப்பவரும் அதே எண்ணைத்தான் தேடுகிறார். பேச்சுக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் இசை ரசிகரா? உங்களுக்கு ஃபென்டன். 1950-களின் பந்தயப் பையன்கள் விரும்பி வாங்கிய இரட்டை வார்ப்பு. இப்போதும் மறுவார்ப்பாகக் கிடைக்கிறது. முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு குழாயிலும் பின் மூன்றின் புகை இன்னொன்றிலும் போகும். இந்த எஞ்சினின் தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. கவனித்துப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறிமாறி வருகிறது. ஒவ்வொரு குழாயிலும் சீரான இடைவெளியில் புகை துடிக்க, மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல ஒரு கரகரப்பு எழும். கேட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை. ஆனால் இரண்டு குழாய், இரண்டு சைலன்சர் வாங்க வேண்டும். மூன்றாம் படியில் புகழ்ந்த அந்தச் சூட்டுத் தகடும் போய்விடும். மினசோட்டா குளிர்காலையில் வண்டி நின்று நின்று இருமும். அதற்கும் மருந்து விற்கிறார்கள்: ரேடியேட்டரின் வெந்நீரை இன்டேக்கின் அடியில் ஓடவிடும் தகடு. ஒரு சூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொரு சூட்டைக் காசு கொடுத்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் அவசரக்காரரா? ஹெடர் வாங்குங்கள். ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் குழாய்களை இடியாப்பமாக வளைத்துச் செய்தது. எடை குறைவு, பளபளப்பு அதிகம். செராமிக் பூச்சு இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பு சில பயணங்களோடு சரி, பிறகு துரு. சூட்டில் போல்ட்டுகள் தளரும், திரும்பத் திரும்ப முறுக்க வேண்டும். இதன் பலன் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் முழுதாகத் தெரியும். உங்கள் 216 தன் 90 குதிரைகளையும் காட்டுவதே நிமிடத்துக்கு 3300 சுற்றில். அதற்குமேல் விரட்டினால் முதலாம் படியில் மறந்த பாபிட் பேரிங்குகள் தாமாகவே நினைவுக்கு வரும்.

நீங்கள் பேராசைக்காரரா? ஆறு சிலிண்டரைத் தூக்கிவிட்டு வி8 வைக்கப்போகிறீர்கள். 1955-இல் செவ்ரோலெட் தன் 265 கன அங்குல வி8-ஐக் கொண்டுவந்ததிலிருந்து பழைய பிக்கப்காரர்களுக்கு வந்த ஆசை இது. உங்கள் வண்டியிலோ எஞ்சினின் இடப்பக்க மேனிபோல்டும் ஸ்டியரிங் பெட்டியும் ஒரே இடத்துக்கு உரிமை கோரும். ஹெடர் போட்டால் ஸ்பார்க் பிளக் வயர்களும் அந்த வழக்கில் சேர்ந்து உருகும். நல்ல சமரசம் ‘ராம்ஸ் ஹார்ன்’ என்கிற வார்ப்பு மேனிபோல்டு. ஆட்டுக்கிடாவின் கொம்புபோல வளைந்து, எஞ்சினை ஒட்டியபடியே நடுவில் கீழ்நோக்கி வாய் திறக்கும். சாதாரண வகைக்கு 2 அங்குல வாய், கார்வெட் காரில் வந்த வகையில் 2.5 அங்குலம். அந்த அரை அங்குலம் வண்டியின் வேகத்தை எவ்வளவு கூட்டும் என்று தெரிந்துகொள்ளப் பந்தயத் தடம் வேண்டும். விலையை எவ்வளவு கூட்டும் என்று தெரிந்துகொள்ள, விற்பவர் ‘கார்வெட்’ என்று உச்சரிக்கும் தோரணை போதும்.

படி 5: பின்னழுத்த நிபுணரைச் சந்தியுங்கள்

தேட வேண்டியதில்லை, அவரே வருவார். பானட் திறந்திருக்கும் எந்த இடத்திலும் கையில் காபியோடு தோன்றி, “எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேணுங்க” என்பார். வேண்டியதில்லை. புகையைத் தடுக்கும் அழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் நன்மையில்லை. தேவைப்படுவது புகையின் வேகம். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் குறைந்து, மெதுவாக ஓடும்போது இழுவை போய்விடும். அகலக் குழாய் போட்டு இழுவையைத் தொலைத்தவர்கள்தான் பின்னழுத்தத் தத்துவத்தை உருவாக்கியிருக்க வேண்டும். இதை அவருக்கு விளக்க முற்படாதீர்கள். காபி ஆறும்வரை தலையாட்டுங்கள்.

படி 6: பழையதைக் கழற்றுங்கள்

ஒரு நட்டு உடனே சுழலும். அது உங்கள் நம்பிக்கையை வளர்ப்பதற்காக. அடுத்ததில் ஸ்டட் முறியும்.

முறிவதற்கு முன் செய்யக்கூடியவை: சில நாள் முன்பிருந்தே எண்ணெய் விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் கலந்த நாட்டு மருந்தைப் பலர் சிபாரிசு செய்வார்கள், சூட்டுத் தீச்சுடரையும் சிபாரிசு செய்வார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மேனிபோல்டோடு கராஜும் போகும். முறிந்தபின்: எஞ்சிய துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சிவந்து ஆறியதும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். வந்துவிட்டால், குழாய் இணையும் இடத்தில் இனிப் பித்தளை நட்டுகளே போடுங்கள். அவை ஸ்டட்டோடு துருப்பிடித்து இறுகாது. அடுத்து வண்டியை வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.

படி 7: புதியதை மாட்டுங்கள்

இங்கேதான் விலையுயர்ந்த மேனிபோல்டுகள் உடைகின்றன. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் முதலில் தளர்வாக இணையுங்கள். இரண்டையும் சேர்த்துச் சிலிண்டர் ஹெட்டில் வைத்து முறுக்குங்கள். அதன் பிறகுதான் நடு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் வார்ப்பு கோணலாக இழுபட்டு, சூடேறும்போது அதன் விளிம்பு உடையும். இன்னொன்று: இந்த எஞ்சினில் சில இடங்களில் ஒரே வாஷர்தான் இரு மேனிபோல்டுகளின் விளிம்பையும் அழுத்திப் பிடிக்கும். புதிய எக்ஸாஸ்டின் விளிம்பு பழைய இன்டேக்கைவிடக் கனமாக இருந்தால் ஒன்று இறுகும், மற்றது கசியும். இரண்டையும் சேர்த்துப் பட்டறையில் சமமாகச் சீவி வாங்குங்கள்.

மேனிபோல்டுக்குச் சூடுதாங்கும் பெயிண்ட் அடித்திருந்தால் முதல் முறை கிளப்பும்போது கராஜ் முழுவதும் புகையும். தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 8: வீட்டில் விளக்கம் சொல்லுங்கள்

“இவ்வளவு செலவு பண்ணினதுல என்ன வித்தியாசம்?” என்று கேட்பார்கள். வேகம் என்று சொல்லாதீர்கள். உடன் வந்து பார்த்துவிடுவார்கள். மைலேஜ் என்றும் சொல்லாதீர்கள். பெட்ரோல் ரசீதுகள் அவர்களிடம் இருக்கின்றன. “சத்தம் நல்லா இருக்கு” என்று சொல்லுங்கள். உண்மை அதுதான். 90 குதிரை வண்டிக்கு மேனிபோல்டு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தம் காதுக்குத்தான் கடைக்குப் போகிறார்கள். வண்டி எதையும் கேட்கவில்லை. அதற்குத் தேவையான மேனிபோல்டை 1947-லேயே தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். காதுக்காக என்று தெரிந்தே வாங்கினால் இந்தச் செலவில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய மேனிபோல்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூசிப் பரணில் வையுங்கள். என்றாவது வண்டியை விற்கும்போது, வருகிறவர் பானட்டைத் திறந்து உங்கள் ஃபென்டனைப் பார்த்து முகம் சுளித்து, “ஒரிஜினல் இருக்கா?” என்பார். அவர் கையில் டார்ச் விளக்கு இருக்கும். கூச்சப்படாமல் விலை சொல்லுங்கள்.