டப்பா மாறியது, படம் போனது!

கேள்வி: புது நெட் கனெக்‌ஷன், புது ரூட்டர். செல்போனில் யூடியூப் பறக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் பழைய படங்கள் மட்டும் ஹால் டிவியில் வர மாட்டேன் என்கின்றன. 100 எம்.பி.பி.எஸ். பிளானை 200 ஆக்கினால் சரியாகுமா?
- வாசகர், மலையடிப்பட்டி, ராஜபாளையம்

பதில்: பில் கூடும், படம் வராது. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஹால் டிவிக்குப் போகிற படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. நெட் வயரையே பிடுங்கி வைத்தாலும், ரூட்டருக்குக் கரன்ட் இருந்தால் அந்தப் படம் ஓட வேண்டும். ஆகவே குற்றவாளி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்.

முதல் சந்தேகம் விண்டோஸ் மேல். புது ரூட்டரைக் கண்டதும் அது ஏதோ முன்பின் தெரியாத ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்து, 'பப்ளிக் நெட்வொர்க்' என்று முத்திரை குத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு டிவி எத்தனை தட்டினாலும் திறக்காது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் பிராப்பர்டீஸைத் திறந்து, 'பப்ளிக்' என்பதை 'பிரைவேட்' ஆக்குங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்தது.

முடியாதவர்கள் ஐபி எண்ணைப் பாருங்கள். பழைய ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்திருக்கலாம். புதியது 192.168.0 என்று கொடுக்கலாம். ஜியோ ஃபைபர் டப்பா என்றால் 192.168.29. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எஸ்.டி.டி. கோடு ஒன்றே, 04563. அதுபோல வீட்டுக்குள் ஐபியின் முதல் மூன்று எண்கள்தான் கோடு. அது ஒன்றாக இருந்தால்தான் கம்ப்யூட்டரும் டிவியும் நேராகப் பேசிக்கொள்ளும். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ உங்கள் கம்ப்யூட்டரில் ஐபி எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தால், அது இன்னும் பழைய கோடிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் நெட்டும் வராது, அதுதான் அடையாளம். 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிடுங்கள்.

டிவியில் கோடி, வி.எல்.சி. போன்ற ஆப்களில் கம்ப்யூட்டரின் பழைய எண்ணைச் சேமித்து வைத்திருந்தால், அதை அழித்துப் புது எண்ணைக் கொடுங்கள். அந்த எண் மறுபடி மாறாமலிருக்க, ரூட்டரின் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று ஒன்று இருக்கும். அங்கே கம்ப்யூட்டரின் பெயரில் ஓர் எண்ணைப் பட்டா போட்டுவிடலாம்.

கேள்வி: 4கே படம் பார்க்க எத்தனை எம்.பி.பி.எஸ். தேவை?
- வாசகி, வன்னியம்பட்டி

பதில்: கண் வலித்தால் ஒரு எம்.பி.பி.எஸ். போதும். நெட் என்றால், 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15; சாதாரண ஃபுல் எச்.டி.க்கு 5.

கேள்வி: லீவுக்கு வந்த மருமகன், ரூட்டரின் பின்னால் இருந்த ஓட்டையில் ஊசியை விட்டுக் குத்தினார். அன்றிலிருந்து நெட் இல்லை. மருமகனிடம் கோபப்படவும் முடியவில்லை. என்ன செய்ய?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: கோபப்படும் முன் விளக்குகளைப் பாருங்கள், சார். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் மாப்பிள்ளை நிரபராதி. வெளியிலிருந்து ஒளியே டப்பாவுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் மடங்கியிருக்கும், கழன்றிருக்கும், அல்லது தெருவில் அறுந்திருக்கும். கழன்ற முனையைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்காதீர்கள்; அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

எல்.ஓ.எஸ். அணைந்து, பான் விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்து, நெட் மட்டும் இல்லையென்றால் மாட்டிக்கொண்டார். அந்த ஓட்டை ரீசெட் பட்டன். கனெக்‌ஷன் கொடுத்தவர் உள்ளே எழுதி வைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அந்தக் குத்தில் போய்விட்டன. சில கம்பெனிகளின் டப்பாக்கள் அவற்றைத் தாமாகவே திரும்ப வாங்கிக்கொள்ளும். அரை மணி நேரம் பொறுங்கள். இல்லாவிட்டால் கஸ்டமர் கேரில் அந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஊசியையும் கூடவே வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: ஆஃப் செய்து ஆன் செய்தால் பாதிப் பிரச்சினை போய்விடுகிறதே, எப்படி?
- கல்லூரி மாணவர், கிருஷ்ணன்கோவில்

பதில்: ரூட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான், திணறிப் போன நினைவகம் காலியாகிறது, எல்லாருக்கும் புதிதாக எண் கிடைக்கிறது. வரிசை முக்கியம்: முதலில் ஃபைபர் டப்பா, அது நிலைகொண்ட பிறகு ரூட்டர், கடைசியில் டிவி. டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்கத்தான் செய்யும், பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: செல்லில் இருக்கும் பேரன் வீடியோவை டிவியில் போடுவேன். கம்பெனி கொடுத்த டப்பாவோடு, நல்ல வேகம் வரும் என்று கடையில் இன்னொரு ரூட்டரும் வாங்கி மாட்டினோம். இப்போது செல்லில் அந்த 'காஸ்ட்' படமே காணோம்.
- வாசகி, மடவார்வளாகம்

பதில்: உங்கள் செல் ஒரு வைஃபையிலும் டிவி இன்னொன்றிலும் இருக்கின்றன, அம்மா. இரண்டு டப்பாவும் தனித்தனி ராஜ்யம் நடத்துகின்றன. காஸ்ட் செய்ய, 'இங்கே டிவி இருக்கிறதா?' என்று செல் ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் ராஜ்ய எல்லையைத் தாண்டாது. புது ரூட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின் எண் கொடுக்கும் அதிகாரம் கம்பெனி டப்பாவிடம் மட்டும் இருக்கும். புதியது வைஃபை பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். கம்பெனி டப்பாவின் வைஃபையை அணைத்துவிட்டால் குழப்பமே இல்லை.

ஒரே வைஃபையில் இருந்தும் காணோம் என்றால், இரண்டில் ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் நுழைந்திருக்கும். விருந்தாளியை வீட்டு டிவி பக்கம் விடாமல் இருப்பதற்காகவே கெஸ்ட் வைஃபையைச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: பத்து வருஷத்து டிவி. புது வைஃபையின் பெயரே அதில் தெரியவில்லை. டிவியையும் மாற்றச் சொல்கிறான் மகன்.
- வாசகர், பழையபாளையம், ராஜபாளையம்

பதில்: மகனின் கண் பெரிய டிவி மேல் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பழைய டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 தெரியாது. ரூட்டரில் 2.4-ஐ அணைத்து வைத்திருந்தால் இயக்குங்கள். பெயர் தெரிந்தும் உள்ளே விடவில்லையென்றால், பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்றிருக்கும், 2 ஆக்குங்கள்.

இதில் ஒரு குறுக்கு வழி: புது வைஃபைக்குப் பழைய பெயரையே, பழைய பாஸ்வேர்டையே, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் வையுங்கள். ரூட்டர் மாறிய விஷயமே டிவிக்கும் வாசல் கேமராவுக்கும் தெரியாது, வழக்கம்போல் ஒட்டிக்கொள்ளும். மகனிடமும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ரத வீதியில் தாத்தா காலத்துக் காரை வீடு. முன்னறையில் ரூட்டர், பின்கட்டில் டிவி. படம் சுத்திக்கிட்டே இருக்கு.
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தாத்தா கட்டிய சுவர் வெயிலையே உள்ளே விடாது, வைஃபையையா விடும்? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவரில் சுருண்டுவிடும். 2.4 மெதுவாக என்றாலும் கொஞ்சம் ஊடுருவும். கடையில் ரிப்பீட்டர் தருவார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிற வகை, வேகத்தில் பாதியைத் தின்றுவிடும். என் தீர்ப்பு கேபிள்தான்: ஒரு கேட்-6 வயரை ரூட்டரிலிருந்து டிவிக்கு இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது சோர்வில்லாமல் ஓடும். உங்கள் பின்கட்டு அவ்வளவு தூரம் இருக்காது. ரூட்டர் இரும்பு பீரோ மேல் இருந்தால் இறக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் ஃபைபர் வயரைக் கடித்துவிட்டது. டேப் சுற்றலாமா?
- வாசகர், முடங்கியார் ரோடு

பதில்: உள்ளே இருப்பது முடி கனத்தில் கண்ணாடி. டேப்புக்கு மசியாது, அதற்கென்று உள்ள மிஷினில் உருக்கி ஒட்ட வேண்டும். ஆளைக் கூப்பிடுங்கள், நாயைக் கட்டிப் போட்டுவிட்டு. 2005-ல் தபால் தலையில் வந்த இனம், மரியாதையாகவே கட்டுங்கள்.

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைச் சிங்கப்பூரிலிருந்து மகள் பிளெக்ஸில் பார்ப்பாள். நெட் கம்பெனி மாறியதும் நின்றுவிட்டது. வீட்டுக்குள் நன்றாக ஓடுகிறது.
- வாசகர், சத்திரப்பட்டி

பதில்: உலகத்தில் பழைய வகை ஐபி எண்கள் தீர்ந்துபோன கதை இது. ஆசியாவுக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்கும் பங்குதான். கம்பெனியிடம் காசு கட்டித் தனி எண் வாங்கலாம், அல்லது இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் ஆப்பைப் போட்டு உள்வழி அமைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து, வெளியூரிலிருந்து பார்க்க பிளெக்ஸ் கட்டணம் கேட்கிறது. அதே வேலையைச் செய்யும் ஜெல்லிஃபின் இலவசம்.

கேள்வி: கம்ப்ளெய்ன்ட் கொடுத்தால் ஆள் வருவதில்லை. பால்கோவா கொடுத்தால் வருவாரா?
- வாசகி, மம்சாபுரம்

பதில்: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை வராத ஆளுக்கு ஏன் வீணாக்குகிறீர்கள்? போனில் புலம்பினால் போதாது. டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். அதற்கும் தீர்வில்லையென்றால், டிராயின் 2012 விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் மேல்முறையீட்டுக்கு ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணோடு அவருக்கு எழுதுங்கள்.

வாசகர்களுக்கு: கேள்வி அனுப்பும்போது ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் பெயரை எழுதுங்கள். ஸ்டிக்கரையே போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், உங்கள் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது.