மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டை யோசனை

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. பேரனோட பொறந்த நாளை இந்த ஸ்கூல் லீவுல ஈப்போ பக்கம் வெச்சுக் கொண்டாடப் போறீங்களாமே. ஓட்டலாம், கோட்டையாம், தலைக்குக் கிரீடமாம், கையில அட்டைக் கத்தியாம். எம் மக போன்ல சொன்னா. கேக்கும் கோட்டை மாதிரியே செய்யச் சொல்லியாச்சாம். ரொம்ப சந்தோஷம். தம்பின் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவன் பேரனுக்குப் பொறந்த நாள்னா கோட்டையிலதானே வைக்கணும்?

ஒரே ஒரு சந்தேகம். கோட்டைக்கு எதுக்கு அவ்வளவு தூரம் பெட்ரோல் போடணும்? இந்தா கூப்பிடு தூரத்துல மலாக்கா. அங்க இல்லாத கோட்டையா? 1511-ல போர்ச்சுகீசியன் ஊரைப் புடிச்சுட்டுக் கட்டுனது. 1641-ல டச்சுக்காரன் புடுங்கிக்கிட்டான். பொறவு வந்த இங்கிலீஸ்காரன் 1807-ல வெடி வெச்சுத் தகர்த்தான். ராஃபிள்ஸ் துரை குறுக்க விழுந்து தடுத்ததுல ஒரே ஒரு வாசல் தப்பிச்சுது. அங்க நின்னு கேக் வெட்டலாம்தான். ஆனா "உள்ள போலாம் தாத்தா"ன்னு பேரன் இழுத்தா என்ன பண்றது? அந்தப் பக்கமும் வெளியேதான்! சரி, ரயில்லயாவது கூட்டிட்டுப் போய்ச் சமாளிப்போம்னா, நம்ம தம்பின்ல இருந்து மலாக்காவுக்குப் போன தண்டவாளத்தை ஜப்பான்காரன் கழட்டி சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போயிட்டான். ஆகக்கூடி உங்க கணக்குதான் சரி. ஈப்போ பக்கத்துல இருக்குற பத்து காஜாவுக்கே போங்க, கெல்லி கோட்டையையே பாருங்க.

போறதுக்கு முன்னால அந்த வீட்டுக்காரர் கதையைக் கேட்டுட்டுப் போங்க. செலவுக்கு ஆகும்.

வில்லியம் கெல்லி ஸ்மித்னு பேரு. 1870-ல ஸ்காட்லாந்துல பொறந்தவரு. இருபது வயசுல, 1890-ல, மலாயாவுக்குக் கப்பலேறி வந்தாரு. பேராக்குல காடு திருத்துற வேலையில நல்ல காசு பார்த்தாரு. அந்தக் காசுல கிந்தாவுல ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பர் போட்டாரு. தோட்டத்துக்குச் சொந்த ஊரு பேரைச் சேர்த்து கிந்தா கெல்லாஸ்னு வெச்சாரு. முதல்ல ஒரு வீடு கட்டுனாரு, பங்களாதான், ஒண்ணும் குறைச்சல் இல்ல. பொட்டப்புள்ள ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு, 1915-ல, ஆம்பளப்புள்ள பொறந்துச்சு. மனுசனுக்குக் கால் தரையில நிக்கல. இருந்த வீட்டுக்குப் பக்கத்துலயே கோட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாரு. புள்ள பொறந்ததுக்குக் கோட்டைன்னு கிளம்புனதுல நீங்க ரெண்டாவது ஆளுதான் மாப்பிள்ளை. உங்களுக்கு முன்னாடி ஒரு துரை இருக்காரு.

அவரு திட்டத்தைக் கேட்டா உங்க திட்டமெல்லாம் பெட்டிக்கடை. ஆறு மாடிக் கோபுரம். மொட்டை மாடியில விருந்து வைக்க எடம். வீட்டுக்குள்ளயே டென்னிஸ் ஆட ஒரு கூடம். மலாயாவுல அதுவரைக்கும் யாரும் வீட்டுல வைக்காத லிஃப்டு. கல்லும் ஓடும் இந்தியாவுல இருந்து வந்துச்சு. கட்டுறதுக்கு மெட்ராஸ்ல இருந்து 70 கொத்தனாருங்களைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாருன்னு சொல்லுவாங்க. நம்மாளுக மாப்பிள்ளை. உங்க தாத்தா, எங்கப்பா மாதிரி ஆளுக. அவுங்க பால்வாளியத் தூக்குனாங்க, இவங்க சாந்துச் சட்டியத் தூக்குனாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை பாதியில இருக்கும்போதே விஷக் காய்ச்சல் வந்துச்சு. முதல் உலகச் சண்டை முடியிற சமயம் உலகத்தையே வாரிக்கிட்டுப் போச்சே, அதேதான். வேலை செஞ்ச சனம் செத்து விழுந்துச்சு. மிச்சப் பேரு துரைகிட்டப் போயி, மாரியாத்தாளுக்கு ஒரு கோயில் கட்டிக் குடுத்தாத்தான் ஊரு தாங்கும்னு கேட்டாங்க. துரையும் கட்டிக் குடுத்தாரு. சனம் பதிலுக்கு என்ன செஞ்சுது தெரியுமா? கோயில் மேல சாமி சிலைங்க வரிசையில வெள்ளைக் கோட்டும் தொப்பியுமா துரையையும் நிக்க வெச்சுருச்சு! இன்னைக்கும் நிக்கிறாரு.

கோட்டை என்னாச்சுங்கிறீங்களா? 1926-ல துரை ஐரோப்பா போனாரு. லிஃப்டு வாங்கத்தான் போனாருன்னு ஒரு பேச்சு. லிஸ்பன்ல நிமோனியா வந்து 56 வயசுல போய்ச் சேந்துட்டாரு. வீட்டம்மா எல்லாத்தையும் வித்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. எந்தப் புள்ளைக்காகக் கோட்டை எழும்புச்சோ அது அதுல ஒரு நாள் குடித்தனம் பண்ணல. லிஃப்டுக்கு விட்ட ஓட்டை அப்படியே வாயத் தொறந்துகிட்டு நிக்குது. பூச்சு வேலை முடியாம செங்கல் பல்லை இளிக்குது. ரொம்ப நாள் காடு மூடிக் கெடந்துச்சு. பொறவு சினிமாக்காரன் கண்ணுல பட்டு, 1999-ல வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்துல அதுக்கும் ஒரு வேஷம் கெடைச்சுது. பேய் இருக்குன்னு வேற சொல்லுவாங்க. பயப்படாதீங்க. எனக்குத் தெரிஞ்சு ராத்திரியில வீடு தேடி வர்ற பேய் கடன்காரன் ஒருத்தன்தான்.

அதனால யோசனை ஒண்ணு. கேக் கடைக்காரன்கிட்ட முழுக் கோட்டை கேக்காதீங்க. பாதிக் கோட்டை செய்யச் சொல்லுங்க. பேராக்குல இருக்குற அசல் கோட்டையே அப்படித்தான் இருக்கு, வெள்ளியும் பாதி மிச்சம். கிரீடம், கத்தியெல்லாம் அட்டையில வீட்டுலயே வெட்டிக்கலாம். அஞ்சு வயசுப் பையனுக்கு ஓட்டல்ல நீச்சல் குளம் ஒண்ணு இருந்தா அதுக்கு மேல அவன் எந்தக் கோட்டையையும் கேக்க மாட்டான். படம் புடிச்சுப் போடணுங்கிற அவசரம் உங்களுக்குத்தான், அவனுக்கு இல்ல. கிரெடிட் கார்டைத் தேய்ச்சு எழுப்புற கோட்டைக்கு மாசா மாசம் தவணை வரும். புள்ளை அதுக்குள்ள அடுத்த பொறந்த நாளுக்கு டைனோசர் கேக்க ஆரம்பிச்சிருப்பான்.

எங்க காலத்துக் கதையச் சொன்னா சிரிப்பீங்க. பொறந்த பத்திரத்துல தோட்டத்துக் கிராணி என்ன தேதி எழுதுனாரோ அதான் பொறந்த நாள். விடிய முன்ன பெரட்டுக்குப் போயி நின்னு, மண்டை விளக்கு கட்டிக்கிட்டு, உளியால பட்டையச் சீவி, மங்குல பால் சொட்டுறதைப் பாத்துக்கிட்டு அடுத்த மரத்துக்கு ஓடணும். அன்னைக்குப் பொறந்த நாளா இல்லையான்னு மரத்துக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோட்டை ஒண்ணு எங்களுக்கும் இருந்துச்சு. மேட்டு மேல தொரை பங்களா. கீழ லயத்துல இருந்து அண்ணாந்து பாத்துக்கலாம், காசு கெடையாது. ரப்பர் போயி செம்பனை வந்துச்சு, லயம் போயி தாமான் வீடு வந்துச்சு. இன்னைக்கு அந்தத் துரைங்க கோட்டைக்கே டிக்கெட் வாங்கிக்கிட்டு முன் வாசல் வழியா எம் பேரன் நுழையப் போறான். இதை நெனச்சா எனக்கு வயிறு குளுருது. அதுக்காகவே போயிட்டு வாங்கங்கிறேன்.

ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. அங்க போனதும் பேரன் கேப்பான், "இங்க இருந்த ராஜா எங்கே?"ன்னு. ராஜாவெல்லாம் இல்லடா, தோட்டத்துத் துரைன்னு சொல்லுங்க. "கட்டுனது யாரு?"ன்னு கேக்கலன்னா நீங்களா சொல்லுங்க. செவுத்தைத் தொட்டுக் காட்டி, இந்தக் கல்லை அடுக்குனது நம்ம சனம்னு சொல்லுங்க. பலகையில துரை பேரு இருக்கும். நம்மாளு பேரு இருக்காது. அதை வாயால சொல்லித்தான் புள்ளைக்குத் தெரியும்.

அப்புறம் மாரியம்மன் கோயிலுக்குப் போங்க. கேக்கை இங்கிலீஸ் தேதிக்கு வெட்டுனாலும் அர்ச்சனையை அவன் நட்சத்திரத்துக்குச் செஞ்சுடுங்க. நட்சத்திரம் மறந்துபோச்சுன்னா எம் மககிட்டக் கேளுங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சாமி வரிசையில நிக்கிற தொப்பிக்காரரையும் பேரனுக்குக் காட்டுங்க. சம்பளம் வாங்குற சனம் மொதலாளிக்கு ஒரு எடம் போட்டுக் குடுத்தது அங்கதான் இருக்கு. அவரு கட்டுனதுல முழுசா முடிஞ்சு இன்னைக்கும் சனம் வந்து போற கட்டடம் அந்தக் கோயில்தான். கோட்டை இல்ல.

அவ்வளவுதான் யோசனை. காடியில முன் சீட்டை எனக்கு விட்டுடுங்க. உங்க மாமியாருக்கு வாந்தி வரும், அவங்களை ஜன்னலோரம் உக்கார வைங்க. பெட்ரோலும் டோலும் உங்க செலவு; கோட்டை யோசனை உங்களோடது இல்லையா?