மூடாத கதவு மூடிய நாள்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு மூன்று வருஷமாகச் சரியாக மூடியதில்லை. ஐப்பசி மழை வந்தால் உப்பிக்கொண்டு நிலையில் முட்டி நிற்கும். தோளால் இடித்தாலும் நகராது. அப்பேர்ப்பட்ட கதவு போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, படக்கென்று மூடிக்கொண்டது. நடுவில் என் வலது கட்டைவிரல் இருந்தது.

நான் அலறியதும், "என்னங்க, மூடிடுச்சா?" என்று அடுப்படியிலிருந்து ஆவலாகக் கேட்டாள் மனைவி.

நகத்துக்கடியில் ரத்தம் கட்டி விரல் நாவற்பழமாகிவிட்டது. ராத்திரி பூராவும் விண் விண்ணென்று தெறித்தது. புளியும் உப்பும் கரைத்துச் சூடாகப் பற்றுப் போடச் சொன்னார் அம்மா. பக்கத்து வீட்டு மாமா, புத்தூர் கட்டுதான் ஒரே வழி என்று பஸ் நேரம் வரை சொன்னார்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் விரல்நுனி எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. "இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. எனக்கே வெட்கமாக இருந்தது. கால் உடைந்தவனுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வரும். விரல்நுனி உடைந்தவனுக்கு என்ன வரும்? ஒரு கையில் 27 எலும்பு இருந்தும் அடிக்கடி உடைவது விரல்நுனி எலும்புகள்தான் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். மற்ற விரல்களுக்கு மூன்று எலும்பு, கட்டைவிரலுக்கு இரண்டே என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு, 'விரலில் பாதி எலும்பு முறிந்துவிட்டபடியால்' என்று ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதினேன். இடது கையால்.

நகத்தில் ஓட்டை போட்டு ரத்தத்தை எடுக்க, டாக்டர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சினார். நகத்தில் நரம்பில்லை, வலிக்காது என்றார். உண்மையாகவே வலிக்கவில்லை. ஆனால் நான் முன்கூட்டியே கத்த ஆரம்பித்திருந்ததால் சட்டென்று நிறுத்த முடியவில்லை.

பிறகு அலுமினியத் தகடு வைத்து மூன்று வாரக் கட்டு. வேட்டி, சட்டைப் பொத்தான், தோசை எல்லாமே அடுத்தவர் தயவில்தான். ரேஷன் கடைக் கருவியில் மட்டும் ஆள்காட்டி விரல் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் விரல் எப்போதும் 'சபாஷ்' என்று விறைத்து நின்றதே, அதுதான் பெரிய கஷ்டம். தூரத்துப் பெரியப்பா ஒருவர் தவறிப்போனார். மாலையைப் போட்டுவிட்டு, பேச்சு வராமல், வழக்கம்போல மார்பருகே கையை வைத்தபடி அவர் மகன் முன்னால் நின்றேன். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மார்கழியில் பழைய நகம் கழன்றது. புதுசு மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளருமாம். முழுசாக வர ஆறு மாதம்.

தையில்தான் ஆசாரி வந்தார். கதவைக் கழற்றி இழைத்துக்கொண்டே, "விரல்ல என்ன?" என்றார். சொன்னேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கட்டைவிரலை நீட்டினார். நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது.

"உங்களுக்கு இது எத்தனாவது தடவை?"

"முதல் தடவை."

"அப்படியா" என்று மறுபடி இழைக்க ஆரம்பித்தார்.